காக்காநீலம்

காங்கேயத்தில் உரக்கடைக்கு மேல் என் அறை.
ஜன்னலைத் திறந்தால் கொப்பரைக் களத்து வாசம்
கணக்கு நோட்டு வரை ஏறிவிடும்.
கல் பார்க்க வடக்கு வெளிச்சம் வேண்டும்,
ஆகவே திறந்துதான் வைக்கிறேன்.

கோடைமழை விட்ட மூன்றாம் நாள்
படியூர்ப் பக்கமிருந்து அண்ணன் தம்பி வந்தார்கள்.
சென்னியப்பன், வேலப்பன்.
ஒரே பைக். பேச்சுவார்த்தை கிடையாது.
பின்னாலேயே பஸ்ஸில் வந்து
படியேறி நின்றாள் துளசிமணி, இளையவன் மனைவி.
நாற்காலி இரண்டுதான் இருந்தது.

பல்பொடி டப்பாவுக்குள் பஞ்சு.
பஞ்சுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் அது,
ஓரத்தில் இன்னும் செம்மண்.
மேசைமேல் வைத்தேன், டார்ச்சைப் போட்டேன்.

"நீலமுங்க மேடம்" என்றார் அண்ணன்
அந்தப் பக்கத்திலிருந்து.
இந்தப் பக்கம் தம்பி எழுந்தே விட்டான்.
"நேத்து நீலம். இன்னைக்கு மோர்த்தண்ணியாட்டம் இருக்குது.
ராத்திரி டப்பா அவரு ஊட்லதான் இருந்துச்சு.
மாத்தீட்டாருங்க!"

இப்படித்தான் நாலு வருஷம் கழித்து
அண்ணனைப் பார்த்து அவன் ஒரு வாக்கியம் பேசினான்,
அதுவும் என் வழியாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன்.
காற்றில் நாற்பத்தொரு காரட்,
நீரில் இருபத்தைந்தரை.
லென்ஸில், உள்ளே துருச்செதில்கள்,
மாலை வெயிலில் பறக்கும் நெல் உமி மாதிரி.
ஒரு திசையில் மட்டும் பிளந்துகொள்ளத் தயாராக
மெல்லிய ஒரு கோடு.

அப்புறம் இரண்டு விரலால் பிடித்துக்
கால்வாசி திருப்பினேன்.

நீலம் அண்ணனைவிட்டுப் போய்
தம்பியிடம் வந்தது.

கீழே யாரோ கொப்பரையைப் புரட்டும் சத்தம்.

கோமேதகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே பேச்சு.
மாணிக்கம் இரண்டு சொல்லும்,
ஒன்று கொஞ்சம் ஆரஞ்சாக.
காக்காநீலத்துக்கு மூன்று:
கருநீலம், கழுவிய நீலம்,
நிறமே இல்லையோ என்று எண்ணவைக்கும் ஒரு வெளிர்மஞ்சள்.
பொய் ஒன்றுமில்லை. வெளிச்சம் எந்த வழியாக
உள்ளே நடந்து போகிறது என்பதுதான்.

சென்னியப்பன் கேட்டார்:
"எந்தப் பக்கத்துக்குங்க ரேட்டு?"

நீலத்துக்கு மட்டும்.
பட்டை தீட்டுபவர் அந்த முகத்தை மேலே வைப்பார்.
மஞ்சள் இடுப்புப்பக்கம் போய்விடும்,
மோதிரக் கவ்வுக்குள். யாரும் பார்க்கப்போவதில்லை.
இருபது வருஷமாக அப்படித்தான் எழுதிக்கொடுக்கிறேன்,
நிறம்: நீலம்.

"ரெண்டாப் பண்ண முடியுங்களா?"
"பண்ணலாம். ரெண்டு சின்னக் கல் சேர்ந்து
ஒரு பெரிய கல்லோட விலை ஆகாது."
கொறங்காடு தன் பாகம் என்றார் இவர்.
கிளுவை வேலி பொதுவில்தானே என்றான் அவன்.
வேலிக்கு உள்ளேயா வெளியேயா கிடந்தது
என்று இருவரும் ஒரே சமயம் திரும்பினார்கள்
கதவோரம் நின்றவளிடம்.

"ஆட்டுக்குட்டி கால்ல பட்டுத் தெறிச்சுதுங்.
வேலிக்கு எந்தப் பக்கம்னு நான் பாக்கலீங்.
பாட்டில் ஓடாட்ட இருக்குமோன்னு
கன்னத்துல வெச்சுப் பாத்தேன்.
சில்லுனு இருந்துச்சு.
அப்பறமும் சில்லுனே இருந்துச்சு."

என் மேசையில் மூன்று கருவிகள்,
இரண்டு தவணை இன்னும் பாக்கி.

சோதனைக் கட்டணம் முந்நூற்றைம்பது.
அண்ணன் தம்பியைப் பார்த்தார்,
தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.
துளசிமணி ஆட்டுத்தீவனப் பையைத் துழாவி
பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தாள்.
ரசீது யார் பேருக்கு என்றேன்.
யாரும் பதில் சொல்லாததால்
பணம் தந்தவர் பெயரை எழுதினேன்.
அவள் அதை வாசித்துப் பார்த்து
டப்பாவுக்குள், பஞ்சுக்குக் கீழே மடித்து வைத்தாள்.
டப்பாவை யாருக்கும் திருப்பித் தரவில்லை.

பைக் போன சத்தம் கேட்டது.
நிறுத்தத்தில் அவள் நிற்பது ஜன்னலில் தெரிந்தது,
இரண்டு கையும் பையின்மேல்.

அறையைப் பூட்டும் முன்
மாதிரிப் பெட்டியிலிருந்து எடுத்தேன்,
இடது கன்னத்துக்குக் கண்ணாடி,
வலது கன்னத்துக்குக் கல்.
கண்ணாடி சீக்கிரமே என் சூட்டுக்கு வந்துவிட்டது.
கல் நேரம் எடுத்துக்கொண்டது.